பனிக்கு நடுவே திறந்த கடல்: பொலினியாக்களும் கணினி மாதிரிகளும்

1974ஆம் ஆண்டின் அண்டார்க்டிக் குளிர்காலத்தில், நிம்பஸ்-5 செயற்கைக்கோளின் நுண்ணலை உணரி வெடல் கடலில் பெரியதொரு திறப்பைப் பதிவு செய்தது. சுற்றிலும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குக் கடல்பனி. நடுவே, மாட் மேடு என்னும் கடலடி மலையின் அருகே, உறையாத நீர். பரப்பு சுமார் 2,50,000 சதுர கிலோமீட்டர். 1975, 1976 குளிர்காலங்களிலும் அது திறந்தது. அதன்பின் அந்த அளவில் ஒருபோதும் திறக்கவில்லை. பனிக்கு நடுவிலான இத்தகைய திறப்பைக் கடலியலாளர் பொலினியா என்கின்றனர். ரஷ்ய மொழி தந்த சொல்.

துருவக் கடல்களைக் கணிக்கும் மாதிரிகளிடம் முதலில் கேட்கப்படுவது, மொத்தப் பனிப்பரப்பைச் சரியாகச் சொல்கின்றனவா என்பதுதான். இந்த அளவுகோல் போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம். கடல் எங்கே, எதனால் திறந்து கிடக்கிறது என்பதில் முற்றிலும் பிசகிய மாதிரிகூடப் பனியின் கூட்டுத்தொகையைச் சரியாகத் தந்துவிடலாம். குளிர்காலக் கடல் தன் வெப்பத்தைக் காற்றுக்கு நேரடியாக இழப்பது இத்திறப்புகளில்தான். உலகக் கடல்களின் அடித்தளத்தில் பரவும் அண்டார்க்டிக் அடிநீருக்கு மூலமான கனத்த உப்புநீர் உருவாவதும் பெருமளவு இங்கேதான்.

கரையோரப் பொலினியாவின் இயக்கம் ஓரளவு எளிது. டெரா நோவா விரிகுடாவில் பனிமேட்டிலிருந்து இறங்கும் சரிவுக்காற்று புதிய பனியை ஓயாமல் கடலுக்குள் தள்ளுகிறது. தெற்கிலிருந்து வரும் பனியை டிரைகால்ஸ்கி பனிநாக்கு தடுத்துவிடுகிறது. 1912இல் விக்டர் கேம்பெல் தலைமையில் அங்கே சிக்கிய ஆறு பேர் குளிர்காலம் முழுவதையும் பனிக்குகையில் கழித்தனர். அவர்களை வதைத்த அதே காற்றுதான் விரிகுடாவைத் திறந்து வைத்திருக்கிறது. இத்தகைய திறப்பின் அகலத்தைப் பனி விலகும் வேகத்துக்கும் புதிதாக உறையும் வேகத்துக்கும் இடையிலான சமநிலையாகக் கரோல் பீஸ் 1987இல் எழுதினார். பனி வினாடிக்கு அரை மீட்டர் வேகத்தில், அதாவது நாளுக்குச் சுமார் 43 கி.மீ., விலகுவதாகக் கொள்வோம். திறந்த நீரில் நாளுக்கு 15 செ.மீ. பனி உறைகிறது, பனித்துகள்கள் எதிர்விளிம்பில் 10 செ.மீ. தடிமனாகச் சேர்கின்றன. அகலம் ஏறத்தாழ 29 கி.மீ. வரும். சேரும் தடிமனை 20 செ.மீ. என்று மாற்றினால் அகலமும் இரட்டிக்கும். உறைபனிக் காற்றில், கொந்தளிக்கும் விளிம்பில் அளக்கச் சிரமமான ஓர் எண்ணின்மேல் முழு விடையும் நிற்கிறது.

இந்த 29 கி.மீ. திறப்பு உலகளாவிய மாதிரியில் எங்கே தெரியும்? ஒரு பாகை கட்டவலை என்றால், வடக்கு தெற்காக ஒரு கட்டத்தின் நீளமே 111 கி.மீ. திறப்பு முழுவதும் ஒரே கட்டத்துக்குள் கரைந்து, 'இங்கே பனி சற்றுக் குறைவு' என்ற சராசரியாக எஞ்சுகிறது.

நடுக்கடல் பொலினியாவின் கணக்கு வேறு. வெடல் கடலில் குளிர்ந்த, உப்புக் குறைந்த நீர் மேலே. வெதுவெதுப்பான, உப்பு மிகுந்த நீர் கீழே. இரண்டுக்கும் இடையே அடர்த்தி வேறுபாடு மிகச் சிறிது. மேலே பனி உறையும்போது வெளியேறும் உப்பு மேல்நீரைக் கனக்கச் செய்கிறது. அது அமிழ, கீழ்நீர் எழுந்து பனியை உருக்குகிறது. 1970களின் திறப்பை மார்ட்டின்சன், கில்வொர்த், கார்டன் மூவரும் 1981இல் இவ்வாறே விளக்கினர். ஆனால் உருகிய பனி நன்னீர் ஆயிற்றே! அது மேலே படர்ந்து, கனத்தைக் குறைத்து, கலப்பை நிறுத்திவிட வேண்டும். திறப்பு நீடிக்க எங்கிருந்தோ கூடுதல் உப்பு வந்தாக வேண்டும்.

அந்த உப்பின் வழியைக் காண 2017 வாய்ப்பளித்தது. அவ்வாண்டு செப்டம்பரில் மாட் மேட்டருகே மீண்டும் கடல் திறந்தது. பரப்பில் பழையதன் ஒரு பகுதியே. இம்முறை தானியங்கி மிதவைகளும் கருவி பொருத்தப்பட்ட கடல்நாய்களும் தந்த அளவீடுகள் கிடைத்தன. மேட்டைச் சுற்றிய சுழிகள் உப்பைச் சேர்த்தன என்றும், காற்று உந்தும் எக்மன் நகர்வு அதை மேட்டின் வடசரிவுக்குக் கொண்டுசென்றது என்றும் ஆதித்ய நாராயணன் குழு 2024இல் காட்டியது. திறப்பு தொடங்கிய இடமும் அதுவே. ஒரு கடலடி மலை, சில சுழிகள், ஒரு காற்று: பரும்படியான கட்டவலையில் இம்மூன்றில் எதுவும் ஒழுங்காக இடம்பெறாது.

ஆயினும் மாதிரிகளில் நடுக்கடல் திறக்கிறது, அதுவும் அளவுக்கு மீறி. செலின் ஹூசே குழு 2013இல் 15 மாதிரிகளை ஆராய்ந்தபோது, அவற்றில் பெரும்பாலானவை அடிநீரை நடுக்கடலின் ஆழ்கலப்பால் உருவாக்குவதைக் கண்டது. இயற்கையில் அது அரிய நிகழ்ச்சி. கரையோரத் திட்டில் கனத்த நீரை உருவாக்கிய மாதிரிகளிலோ அந்நீர் ஆழத்துக்கு இறங்கவில்லை. அதாவது, கரையில் விட்ட குறையை நடுக்கடலில் ஈடுகட்டிக்கொள்கின்றன. ஒரு பிழை மற்றொன்றை மறைக்கும்போது கூட்டுத்தொகை சரியாக இருப்பதில் என்ன பொருள்? வெப்பமாதலால் ஆழ்கலப்பு நின்றுவிடும் என்று இத்தகைய மாதிரிகள் முன்னுரைக்கும்போதும், நிற்கப்போவது இயற்கையின் கலப்பா, மாதிரியின் கலப்பா என்று கேட்டே ஆகவேண்டும்.

கட்டத்தைச் சிறிதாக்கினால் எல்லாம் தீரும் என்பாரும் உண்டு. பாதிதான் உண்மை. கிரீன்லாந்துக்கும் எல்ஸ்மியர் தீவுக்கும் இடையே, இனுயிட் மக்கள் பிகியாலாசோர்சுவாக் என்றழைக்கும் பொலினியா, வடக்கே நேர்ஸ் நீரிணையில் பனி வளைவாக இறுகி நின்று, மேலும் பனி வராமல் தடுப்பதைச் சார்ந்தது. 2007இல் அவ்வளைவு உருவாகவில்லை. ஹிப்லர் 1979இல் வகுத்த பனி வலிமை விதியில், பனி முறியும் எல்லையைக் குறிக்கும் நீள்வட்டத்தின் வடிவத்தைச் சற்று மாற்றினாலே மாதிரியில் வளைவு நிற்பதும் உடைவதும் மாறிவிடுகிறது. இது கட்ட அளவின் சிக்கல் அல்ல. பனி எப்போது முறியும் என்ற இயற்பியலின் சிக்கல்.

கரைக்கோடும் நிலையானதன்று. 2010 பிப்ரவரியில் பி-09பி என்ற பனிப்பாறை மோதி, மெர்ட்ஸ் பனியாற்றின் நாக்கிலிருந்து சுமார் 78 கி.மீ. நீளத் துண்டு பிரிந்தது. அந்த நாக்கின் மறைவில்தான் மெர்ட்ஸ் பொலினியா திறந்து வந்தது. அடுத்த இரு குளிர்காலங்களில் அங்கே பனி உற்பத்தி 14 முதல் 20 விழுக்காடு குறைந்ததாகத் தாமுரா குழு கணித்தது. பழைய கரைக்கோட்டை வைத்து ஓட்டும் மாதிரியில் அந்த நாக்கு இன்னும் கடலுக்குள் நீண்டிருக்கிறது. அதன் மறைவில் பொலினியாவும் பழைய அகலத்திலேயே திறக்கிறது.