வில்லையுரு விண்மீன் மண்டலம்

1787ஆம் ஆண்டு பெப்ரவரியில், இங்கிலாந்திலிருந்த வில்லியம் ஹேர்ஷல் தமது தொலைகாட்டியினூடாகச் சிம்மராசிக்குத் தெற்கே நீண்டதோர் ஒளிக்கீற்றைக் கண்டார். பிற்காலத்தார் அதனை என்.ஜி.சி. 3115 எனப் பதிந்தனர்.

எட்வின் ஹபிள் 1926இல் விண்மீன் மண்டலங்களை வகுத்தபொழுது, நீள்வட்ட உருவினவற்றுக்கும் சுருள் உருவினவற்றுக்கும் இடையே ஓர் இடைவெளி நின்றது. 1936இல் அவ்விடத்தில் ‘எஸ் பூச்சியம்’ என்னும் வகையொன்றை அவர் ஊகமாகவே அமைத்தார். ஆனால், 3115ஐ மிகத் தட்டையான நீள்வட்டமென்றே அவர் கொண்டிருந்தார். பின்வந்தோர் படங்களை நுணுகி ஆராய்ந்தபோது உண்மை புலனாயிற்று: சுருளுக்குரிய தட்டு அதில் உண்டு, சுருட்கைகள் இல்லை. ஊகித்த வகைக்குரிய மண்டலம் அவர் பட்டியலிலேயே வேறு பெயரோடு இருந்தது!

ஏறத்தாழ 3 கோடியே 20 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவிலுள்ள இம்மண்டலத்தில், புதிய விண்மீன்களைப் பிறப்பிக்கும் வாயு மிக அருகிவிட்டது. முதிய மீன்களின் ஒளியே மிகுந்துள்ளது. அதன் நடுவே, ஞாயிற்றைவிட ஏறத்தாழ 100 கோடி மடங்கு நிறையுடைய கருந்துளை உண்டென்பதற்கு 1992இல் சான்று கிடைத்தது.

வாயு நீங்கியது எவ்வாறு? நெருங்கிய கூட்டங்களில் மண்டலங்கள் ஒன்றோடொன்று மோதுவதால் என்றனர், 1951இல் ஸ்பிற்சரும் பாடேயும். தனித்து நிற்கும் 3115க்கு அவ்விளக்கம் பொருந்தாது. ஆதலின், உருவம் ஒன்றாயினும் அதனை அடைந்த வழிகள் பலவென்றே இன்றைய ஆய்வாளர் கொள்வர்.