பாபநாசத்து அருவிப் பாதையில்

தமிழ் பயின்றோர்க்குப் பொதியில் மலையை அறிமுகம் செய்ய வேண்டுவதில்லை. தென்றலுக்கும் தமிழுக்கும் தாய்வீடு என்று புலவர் போற்றிய மலை அது. எனினும், அதனை நூல்களில் கண்டோர் பலர். அதன் அடிவாரத்து மலையிடுக்கில் கால்நடையாகச் சென்று கண்டோர் சிலரே. எம் வட்டம் தோன்றிப் பத்தாண்டு நிறைவுறும் இவ்வேளையில், தாமிரபரணி மலையைவிட்டுச் சமவெளிக்கு இறங்கும் பாபநாசத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தேன். அருவியழகைப் பாடுதல் என் நோக்கமன்று. தமிழுக்கு உழைத்த ஒருவரின் வாழ்வு அங்கே முடிந்தது. அந்த முடிவை நாம் எவ்வாறு நினைவில் கொள்கிறோம் என்பதே என் வினா.

ஆறும் பெயரும்

பொதிகை மலைத்தொடரில் பூங்குளம் எனப்படும் இடத்தில் ஊற்றெடுக்கும் தாமிரபரணி, சுமார் 125 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவைச் சேர்கிறது. தமிழர் இதனைப் பொருநை என்றனர். கௌடிலியரின் அர்த்தசாத்திரம் முத்து விளையும் இடங்களுள் ஒன்றாகத் தாம்ரபரணியைக் குறிக்கிறது. தாலமி எழுதிய 'பெட்டிகோ' என்னும் மலை பொதிகையே என அறிஞர் கருதுவர். கால்டுவெல் 1881-இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாற்று நூலில் இவ்வாற்றின் பெயரை விரிவாக ஆராய்ந்துள்ளார். ஆற்றின் முகத்துவாரத்து முத்தால் உலகறிந்த பெயர் பரவியது. தலையிலுள்ள மலையோ அகத்தியர் கதையால் தமிழர் நெஞ்சில் நின்றது.

அக்கதையின் தொடர்ச்சியே பாபநாசத்துக் கோயில். அகத்தியரின் மாணாக்கரான உரோமச முனிவர் ஆற்றில் விட்ட ஒன்பது தாமரை மலர்கள் கரையொதுங்கிய இடங்களே நவகயிலாயங்கள் என்பது தலபுராணம். அவற்றுள் முதலாவது பாபநாசம், இரண்டாவது சேரன்மாதேவி. இவ்விரு ஊர்ப் பெயர்களையும் வாசகர் நினைவிற் கொள்க. பின்னர் இவ்விரண்டும் வேறொரு கதையில் இணையப் போகின்றன.

கரையில் வாழ்ந்த புலவர்கள்

பாபநாசத்தை ஒட்டிய விக்கிரமசிங்கபுரம் சிறிய ஊராயினும் தமிழுக்குப் பெரிய ஊர். திராவிட மாபாடியம் இயற்றிய மாதவச் சிவஞான முனிவர் இவ்வூரில் பிறந்து, திருவாவடுதுறை ஆதீனத்தைச் சேர்ந்து, 1785-இல் மறைந்தார். கோயிலில் எழுந்தருளியுள்ள உலகம்மையைப் பாடிப் பெயர்பெற்ற நமச்சிவாயக் கவிராயரும் இவ்வூரினரே. அருவியோசை கேட்கும் எல்லைக்குள் இத்தகைய புலமை வளர்ந்தது என்பதை, அங்குக் குளிக்கச் செல்வோருக்கு யாரேனும் சொல்லவேண்டும். சொல்வோர் இல்லை.

ஆலையும் அணையும்

மலையிடுக்கின் வரலாறு 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திசை திரும்பிற்று. 1880களில் ஹார்வி சகோதரர் இங்கு நூற்பாலை ஒன்றை நிறுவினர். பஞ்சு விளையும் கரிசல் நிலம் தொலைவில் இருக்க, ஆலை மலையடியில் அமைந்ததற்குக் காரணம் நீர்விசையே. பாபநாசத்து அருவி உயரத்தாலன்றி நீர்ப்பெருக்காலே சிறந்தது. அப்பெருக்கே ஆலைச் சக்கரத்தைச் சுழற்றிற்று. பாவம் தீர்க்கும் தீர்த்தமாக இருந்தது, கூலி வழங்கும் ஆற்றலாகவும் ஆனது.

1930களின் இறுதியில் தொடங்கிய பாபநாசம் மின்திட்டம் 1944-இல் மின்சாரம் வழங்கலாயிற்று. காரையாற்றில் 143 அடி கொள்ளளவு உயரமுடைய மேலணை எழுந்தது. அதற்கும் கீழே, ஆற்று நீரை மின்நிலையத்துக்குத் திருப்பும் கீழணை அமைந்தது. 1986-இல் கிளையாறாகிய சேர்வலாற்றிலும் அணை வந்தது. நெல்லைச் சீமையின் வயல்களுக்கு இவ்வணைகள் செய்த நன்மை சிறிதன்று. ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. இன்று நாம் காணும் அருவி, அணையும் குழாயும் எடுத்துக்கொண்டது போக எஞ்சிய ஆறு. 1925-இல் அங்கு நின்றோர் கண்டது மேலணை இல்லாத ஆறு.

1925, ஜூன்

அவ்வாண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில் வ.வே.சு. ஐயர், சேரன்மாதேவிக் குருகுலத்து மாணவர்களுடனும் தம் மகள் சுபத்திரையுடனும் இம்மலையிடுக்குக்கு வந்தார். தென்மேற்குப் பருவக்காற்று மலையில் மழையிறக்கும் மாதம் அது. நீரோட்டத்தைத் தாண்ட முயன்ற சுபத்திரை வெள்ளத்தில் விழுந்தாள். மகளை மீட்க ஐயரும் குதித்தார். இருவரும் மீளவில்லை. அப்போது ஐயருக்கு வயது 44.

வரகனேரியில் 1881-இல் பிறந்து, சட்டம் பயின்று, இலண்டன் சென்று, சாவர்க்கருடன் புரட்சி இயக்கத்தில் நின்று, 1910-இல் மாறுவேடத்தில் தப்பிப் புதுச்சேரி சேர்ந்தவர் அவர். அங்குப் பாரதியாருடனும் அரவிந்தருடனும் பழகினார். திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தார். சிறையில் இருந்தபோது கம்பனைப் பற்றி ஆங்கிலத்தில் ஆய்வுநூல் எழுதினார். அவருடைய 'குளத்தங்கரை அரசமரம்' தமிழின் முதற் சிறுகதை எனப் பலரால் சுட்டப்பெறுவது. அக்கதையில் ருக்மிணி என்னும் பெண் நீரில் மூழ்கி மாய்கிறாள். கரையில் நிற்கும் மரம் அதைக் கண்டு, ஒன்றும் செய்ய இயலாமல், பின்னாளில் கதையாகச் சொல்கிறது. தம் மகள் நீரில் விழுந்தபோது ஐயர் கரைமரமாக நிற்கவில்லை. இதனை எண்ணுந்தோறும் நெஞ்சு கனக்கிறது.

ஆனால் இத்துயரத்தை மட்டும் பேசி அமைதல் வரலாற்றுக்கு நேர்மையாகாது. அவர் அருவிக்கு வந்த காலம் அவர் வாழ்வின் மிகக் கசப்பான காலம். நாட்டுப் பற்றும் தமிழும் கைத்தொழிலும் ஒருங்கே கற்பிக்க அவர் நிறுவிய குருகுலம் காங்கிரசின் நிதியுதவியும் பெற்றது. அங்குப் பிராமண மாணவர் சிலருக்கு மட்டும் தனியே உணவளித்த செய்தி வெளிவந்தது. பெற்றோர் வற்புறுத்தலால் அவ்வாறு செய்ய நேர்ந்தது என்பது ஐயர் தரப்பின் விளக்கம். பொதுப் பணத்தில் நடக்கும் தேசியப் பள்ளியில் பிறப்பால் பந்தி பிரிவதோ என்று பெ. வரதராஜுலு நாயுடுவும் ஈ.வெ.ரா. பெரியாரும் எதிர்த்து நின்றனர். பூசல் முற்றி, ஐயர் குருகுலப் பொறுப்பிலிருந்து விலகினார். சில வாரங்களில் அருவி அவரைக் கொண்டது. அவ்வாண்டு நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டோடு பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறினார். தமிழக அரசியலின் போக்கு மாறியதில் சேரன்மாதேவிப் பந்திக்கும் பங்குண்டு.

ஐயரைப் போற்றுவோர் பந்தியை மறைத்து அருவியைச் சொல்வர். தூற்றுவோர் அருவியை மறந்து பந்தியையே சொல்வர். எம் கருத்து இரண்டையும் ஒருங்கே சொல்ல வேண்டும் என்பது. பிள்ளைகளைத் தனித்தனியே அமர்த்தியது தவறு. அத்தவற்றை எதிர்த்தோர் செய்தது அறம். மகளுக்காகத் தயங்காது வெள்ளத்தில் பாய்ந்தவரும் அதே மனிதர்தாம். ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அழித்தல் கூடாது. நவகயிலாயத்தின் முதல் இரண்டு ஊர்களும் இவ்வாறு ஒரு மனிதரின் புகழையும் பிழையையும் பகிர்ந்துகொண்டன.

இன்றைய பாதை

கோயிலிலிருந்து மலைச்சாலையில் ஏறினால் அகத்தியர் அருவி. அதன் மேலே படிகளில் சென்றால், அகத்தியர் இறைவனின் திருமணக் கோலம் கண்டதாகக் கூறும் கல்யாண தீர்த்தம். பாறைகளுக்கிடையே ஆழ்ந்து கிடக்கும் அந்நீரின் அருகில் நிற்போர் அதன் அமைதியை நம்பலாகாது. 2023 டிசம்பரில் பெய்த பெருமழையில் இவ்வாறு கரைகடந்து கீழுள்ள ஊர்களை அலைக்கழித்ததை நாம் கண்டோம்.

அப்பால் முண்டந்துறைக் காடு. களக்காட்டோடு இணைந்து 1988-இல் தமிழகத்தின் முதற் புலிகள் காப்பகமாக ஆனது அது. காட்டினுள் காணிக்கார மக்களின் குடியிருப்புகள் உள்ளன. ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து ஐயனார் கோயிலில் பெருங்கூட்டம் கூடுகிறது. இஞ்சிக்குழி வழியே பொதிகை உச்சிக்குச் சென்ற பழம்பாதை இன்று பயணிகளுக்கு மூடப்பட்டுள்ளது. 1,868 மீட்டர் உயர உச்சியைக் காண விழைவோர் கேரளத்துப் போணக்காட்டிலிருந்து அனுமதி பெற்று ஏறுகின்றனர். தமிழ் முனிவரைக் காணத் தமிழர் மலையாள நாடு வழியே செல்வது சிலருக்கு வருத்தம் தரலாம். காடு பிழைத்தால்தான் ஆறு பிழைக்கும் என எண்ணுவோர்க்கு அவ்வருத்தம் நீங்கும்.

நீங்காத வருத்தம் வேறொன்று. பாவம் போக்க வருவோர் உடுத்த துணியை ஆற்றிலேயே விட்டுச் செல்கின்றனர். பாறையிடுக்குகளில் அத்துணிகள் சிக்கி அழுகுகின்றன. கீழே பல ஊர்கள் குடிக்கும் நீர் அது. பிறர் குடிக்கும் நீரில் நம் அழுக்கை விடுவது எந்தப் பாவத்தைத் தீர்க்கும்?

இனி அங்குச் செல்லும் அன்பர்கள் கரையில் சற்று நின்று, சிவஞான முனிவரையும் சுபத்திரையையும் அவள் தந்தையையும், ஒரே பந்தி கேட்ட பிள்ளைகளையும் நினைத்துவிட்டு, ஆற்றில் ஒன்றும் விடாமல் திரும்புவாராக.