வலை வீசிய கரையில் முதல், கரு, உரி

புனைகதை எவற்றால் கட்டப்படுகிறது என்று கேட்டால் இன்றைய பாடநூல்கள் கதைப்பின்னல், பாத்திரம், களம், நோக்குநிலை, உரையாடல் என்று அடுக்கிச் செல்கின்றன. கிரேக்க நாடகத்தை ஆராய்ந்த அரிஸ்டாட்டில் நிகழ்ச்சிகளின் கோப்பை முதலிலும் பாத்திரத்தை அதற்கு அடுத்தும் வைத்தார். தொல்காப்பியர் அகப்பாடலுக்கு வகுத்த இலக்கணம் நிலத்தையும் பொழுதையும் 'முதற்பொருள்' என்றும், அந்நிலத்துக்குரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் முதலானவற்றைக் 'கருப்பொருள்' என்றும், அங்கு வாழும் மாந்தரின் புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் ஆகிய ஒழுக்கங்களை 'உரிப்பொருள்' என்றும் பிரித்தது. முதல் என்பதற்குத் தலைமை என்று இங்கே பொருள் கொள்ளலாகாது. முதலினும் கருவும், கருவினும் உரியும் சிறந்தன என்பதே உரைகாரர் கொள்கை.

இப்பகுப்பு பாட்டுக்கு உரியதேயாயினும் கதைக்கும் பொருந்தும் என்பதைச் சாயல்குடியை அடுத்த கடலோரச் சிற்றூரான மாரியூரில் காணலாம். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் 57ஆவதாக வரும் 'வலை வீசின படலம்' தங்கள் கரையில் நிகழ்ந்ததாகவே அவ்வூரார் நம்புகின்றனர். பூவேந்தியநாதர் கோயிலின் சித்திரைத் திருவிழாவில் அது ஆண்டுதோறும் நிகழ்த்திக் காட்டப்படுகிறது. வேதப்பொருளைக் கவனமின்றிக் கேட்ட உமை, இறைவனின் சாபத்தால் புன்னை மரத்தடியில் குழந்தையாகக் கிடந்து பரதவர் தலைவனின் மகளாக வளர்கிறாள். நந்தி சுறாவாகி வலைகளைக் கிழிக்கிறது. அதைப் பிடிப்பவனுக்கே மகள் என்று தலைவன் அறிவிக்க, இறைவன் வலைஞனாக வந்து அதைப் பிடித்து அவளை மணக்கிறான். புன்னையும் சுறாவும் கடலோர நிலமான நெய்தலின் கருப்பொருள்கள் என்பது உரைமரபு. ஆனால் இங்கே அவை அழகுக்காக நிற்பவை அல்ல. சுறாவை நீக்கினால் தலைவனின் அறிவிப்பும் இல்லை, வலைஞன் வருவதற்குக் காரணமும் இல்லை. வந்தவன் யார், சுறா யார் என்பதைப் பரதவர் அறியார், கேட்போர் அறிவர். நோக்குநிலை என்று இன்று சொல்லப்படுவது இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது.

அச்சேறிய உரைநடைக் கதை இந்த நிலப்பற்றோடு தொடங்கவில்லை. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' (1879) கதையைக் காட்டிலும் அறிவுரைக்கு இடம் கொடுத்தது. இலங்கையைச் சேர்ந்த சித்திலெவ்வை மரைக்காயரின் 'அசன்பேயுடைய சரித்திரம்' (1885) எகிப்து வரை போய்க் களம் தேடிற்று. வட்டாரம் என்பது கதையின் உறுப்பாகத் திரும்பி வந்தது வெகு பின்னர்தான்; அதில் கரிசல் நிலத்துக்குப் பெரும்பங்கு உண்டு. 'கோபல்ல கிராமம்' (1976) எழுதிய கி. ராஜநாராயணன் அதோடு நில்லாமல் 1982இல் கரிசல் வட்டாரச் சொற்களுக்கு அகராதியும் தொகுத்தார். கருப்பொருளின் பெயர் தெரியாத ஒருவரால் அந்நிலத்தின் கதையைப் படிக்கவும் இயலாது என்பதால், அவ்வகராதியைப் புனைவுப் பணியின் ஒரு பகுதியாகவே கொள்ள வேண்டும்.

அதே கரிசல் கிழக்கே நீண்டு கடலைத் தொட நெருங்கும் பகுதியில் சாயல்குடியும், எழுத்தாளர் வேல ராமமூர்த்தியின் ஊரான பெருநாழியும் இருக்கின்றன. 1911இல் சென்னை மாகாணத்துக்கும் விரிந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தின் நிழலில் வாழ்ந்தோரை அவர் 'குற்றப் பரம்பரை' நாவலில் எழுதினார். அங்கே அரசாணையே மாந்தரின் பிரிவுக்கும் இரங்கலுக்கும் காரணமாகிறது.

கருப்பொருளை எண்ணிச் சொன்ன தொல்காப்பியர் அத்தகைய பிறவும் அடங்கும் என்று பட்டியலைத் திறந்தே விட்டிருப்பது கவனத்துக்குரியது. பனையும் கருப்பட்டியும் மிளகாய்க் காடும் இருந்த இப்பகுதி மண்ணில் பின்னாளில் வந்து பரவிய சீமைக்கருவேலமும், அதை வெட்டி அடுக்கி மண் பூசி எரிக்கும் கரிமூட்டமும், அந்தப் புகையில் நிற்கும் கூலியாட்களும் அப்பட்டியலில் சேரக் காத்திருக்கின்றனர்.