குருப்பட்டம் வேண்டாத துறவியர்

கோயிலாலும் தறியாலும் புகழ்பெற்ற நகரம் நம் காஞ்சி. பட்டின் பெருமையைப் பேசுவோர் பலர். அப்பட்டு நெய்யப்பட்ட கூடத்தில், நெசவாளியின் பக்கத்தில் அமர்ந்து கரை நாடாவைத் தள்ளிக்கொடுத்த சிறுவனைப் பற்றிப் பேசியவர் சிலரே. உடலும் கரையும் வெவ்வேறு நிறமாய் அமையும் கோர்வைச் சேலைக்கு ஒருவர் கை போதாது. துணைக்கு மற்றொருவர் வேண்டும். அந்த இடத்தில் நெடுங்காலம் சிறாரே அமர்த்தப்பட்டனர். பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகப் பள்ளிப் பருவத்தைத் தறியடியில் கழித்தோர் அவருள் பலர்.

கோயிலும் தறியும் சேர்ந்து புகழ்பெற்ற மற்றொரு நகரம் பிரான்சு நாட்டிலும் உண்டு. அதன் பெயர் ரெய்ம்ஸ். பிரெஞ்சு மன்னர்கள் முடிசூட்டிக்கொண்ட பேராலயம் அங்கேதான் உள்ளது. கம்பளித் துணி நெசவும் அந்நகரின் பழந்தொழிலாகும். அங்கும் கூலிவேலை செய்வோரின் பிள்ளைகள் எழுத்தறிவின்றித் தெருவில் அலைந்தனர். அப்பிள்ளைகளின் பொருட்டுத் தோன்றிய ஒரு துறவறத்தின் வரலாறு, கல்விப் பணியில் கால் நூற்றாண்டு கண்ட நம் சங்கத்தாருக்கும் பயன் தருவதாகும்.

அவ்வரலாற்றின் நாயகர் ஜான் பாப்டிஸ்ட் தெ லா சால். 1651ஆம் ஆண்டு ரெய்ம்ஸ் நகரத்துச் செல்வக் குடியில் பிறந்தவர். பதினைந்தாம் வயதிலேயே பேராலயத்தில் வருவாயோடு கூடிய உயர்பதவி பெற்றார், 1678இல் குருவானார். மறு ஆண்டில், ஏழைச் சிறுவர்க்கு இலவசப் பள்ளி தொடங்கும் எண்ணத்தோடு அட்ரியன் நியேல் என்பவர் அந்நகருக்கு வந்தார். அவருக்கு உதவப் புகுந்த தெ லா சால், அப்பள்ளி ஆசிரியர்களை நெருங்கிப் பழக வேண்டியவரானார். அக்காலத்தில் ஏழைப்பள்ளி ஆசிரியருக்கு மதிப்பில்லை. போதிய கல்வியும் இல்லை. அவர்களைத் தம் வீட்டு வேலைக்காரனுக்கும் கீழாகவே முதலில் எண்ணியதாகத் தெ லா சாலே பின்னாளில் எழுதிவைத்தார். எனினும் அவர்களைத் தம் இல்லத்துக்கு அழைத்துத் தம்மோடு உணவருந்தச் செய்தார். உற்றார் வெறுத்தனர், உடன்பிறந்தாரையும் அவரிடமிருந்து பிரித்தனர். அவரோ 1682இல் அவ்வாசிரியர்களோடு தனிவீடு புகுந்தார்.

நாளைய சோற்றுக்கு வழி என்னவென்று ஆசிரியர்கள் கவலையுற்றபோது, இறைவனை நம்புங்கள் என்று அவர் அறிவுரை கூறினார். செல்வமும் பதவியும் உள்ளவர் அவ்வாறு சொல்வது எளிது என்று அவர்கள் மறுமொழி உரைத்தனர். அம்மறுமொழி அவர் நெஞ்சில் தைத்தது. 1683இல் பேராலயப் பதவியைத் துறந்தார். அதனைத் தொடர்ந்து வந்த பஞ்சத்தில் தம் செல்வத்தையெல்லாம் ஏழைகளுக்கு உணவாக வழங்கித் தாமும் ஏழையானார்.

அந்த ஆசிரியர்கள் தம்மைச் ‘சகோதரர்’ என்று அழைத்துக்கொண்டனர். சபைக்குக் குரு ஒருவர் வேண்டுமெனக் கருதி, ஹென்றி என்னும் சகோதரரைத் தெ லா சால் அப்பட்டத்துக்கு ஆயத்தம் செய்தார். 1690ஆம் ஆண்டளவில் அவர் திடீரென இறந்தார். அதனை இறைவன் காட்டிய குறியாகக் கொண்ட தெ லா சால், இச்சபையில் எவரும் குருப்பட்டம் பெறுதல் கூடாது என்று முடிவு செய்தார். பீடத்தில் ஏறும் உரிமை வந்துவிட்டால், கரும்பலகையின் முன் நிற்பதில் மனம் நில்லாது என்பது அவர் கண்ட உண்மை. 1694இல் சகோதரர் பன்னிருவர் அவரோடு சேர்ந்து வாழ்நாள் முழுமைக்கும் வார்த்தைப்பாடு கொடுத்தனர். இலத்தீனில் தொடங்கி வாசிக்கக் கற்பித்த வழக்கத்தை மாற்றி, பிள்ளைகளின் தாய்மொழியில் அவர்கள் கற்பித்தனர். பலரையும் வகுப்பாகப் பிரித்து ஒருங்கே நடத்தும் முறையை அப்பள்ளிகளில் நிலைபெறச் செய்தனர். இலவசக் கல்வியால் தம் வருவாய் கெடும் என அஞ்சிய பாரிசு நகரத்து எழுத்தாசிரியர் சங்கத்தார் அவர்மீது வழக்கும் தொடுத்தனர். 1719இல் மறைந்த அவரைத் திருச்சபை 1900இல் புனிதராகவும், 1950இல் ஆசிரியர்களின் பாதுகாவலராகவும் அறிவித்தது.

அருட்சகோதரர் எனப்படுவோர் யார் என்பது பலர்க்குத் தெளிவில்லை. அவர் திருப்பலி நிறைவேற்றும் குரு அல்லர், இல்லறத்தாரும் அல்லர். ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் ஆகிய மூன்று வார்த்தைப்பாடுகளால் தம்மைக் கட்டிக்கொண்டு, கூட்டாக வாழ்ந்து, கற்பித்தலோ நோயாளர் சேவையோ செய்பவர். அவ்வாழ்வு தன்னளவிலேயே நிறைவுடையது என்பதை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் தெளிவுறுத்தியது.

இவ்வழைத்தல் கனவிலோ அசரீரியாகவோ வருவதன்று. தெ லா சாலுக்கு அது உதவி கேட்டு வந்த ஒருவர் வடிவில் வந்தது. தாம் எங்குக் கொண்டுசெல்லப்படுகிறோம் என்று அறியாமலே அடியடியாக நடந்தார். இன்றைய இளைஞனுக்கும் அவ்வாறே. தன்னை ஆளாக்கிய ஓர் ஆசிரியரைப் போல் வாழவேண்டும் என்ற எண்ணம் நெடுநாள் நீங்காதிருப்பதே அதன் தொடக்கம். எண்ணம் மெய்யானதா என்பதை அறிய, சபையும் அவனும் ஒருவரை ஒருவர் ஆய்ந்து பார்க்கும் நவதுறவகக் காலம் உண்டு. அதன்பின் சில ஆண்டுகளுக்கு மட்டும் செல்லும் வார்த்தைப்பாடு. இறுதியாகவே வாழ்நாள் வார்த்தைப்பாடு. வாங்கும் சம்பளம் பொதுப்பணமாகும். உண்பது ஒரே பந்தியில்.

‘ஒரே பந்தி’ என்பது நம் நாட்டில் எளிய சொல்லன்று. இந்தியாவுக்கு இத்தகைய சகோதரர் வந்தது நூறாண்டுக்கும் முன்னதாகும்: புனித பேட்ரிக் சபையார் 1875இல் சென்னைக்கும், புனித கபிரியேல் சபையார் 1903இல் புதுச்சேரிக்கும் வந்தனர். அதே காலத்தில் நம் முன்னோர் நிலை என்ன? பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில் கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர், 1891இல் எழுதிய அறிக்கையில் நம் மக்களின் நிலமின்மையையும் கல்வியின்மையையும் அரசுக்கு எடுத்துரைத்தார். அதன் பயனாக 1892இல் பிறந்த அரசாணையே பஞ்சமி நிலங்களுக்கு வழிவகுத்தது. கர்னல் ஆல்காட் 1894இல் சென்னையில் நம் பிள்ளைகளுக்கெனத் தனியே பள்ளி தொடங்க வேண்டியிருந்தது. பிற பள்ளிகளின் கதவு அவ்வளவு இறுக மூடியிருந்தது என்பதே அதன் பொருள்.

ஆலயத்தின் உள்ளும் சாதி புகுந்திருந்தது. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில், வழிபடுவோரைச் சாதிவாரியாகப் பிரிக்க ஆலயத்துள்ளேயே சுவர் இருந்தது. 1910இல்தான் அது இடிக்கப்பட்டது. மனத்துள் இருந்த சுவர் அத்துடன் இடியவில்லை. சாதிப் பாகுபாடு பெரும் பாவம் என்று இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016இல் தனிக்கொள்கையே வெளியிட வேண்டியிருந்தது. 2022ஆம் ஆண்டு ஐதராபாத்துப் பேராயர் அந்தோணி பூலா கர்தினாலாக உயர்த்தப்பட்டபோது, ஒடுக்கப்பட்ட மக்களிலிருந்து அந்நிலையை எய்திய முதல்வராக அவர் போற்றப்பட்டார். அது ஏணியில் ஏறியவரின் வெற்றி, நமக்கு வேண்டியதே. அருட்சகோதரரின் வாழ்வோ அந்த ஏணியையே வேண்டாமென்று கீழே நின்று கைகொடுப்பது. இரண்டும் நம் பிள்ளைகளுக்குத் திறந்திருக்க வேண்டும். மேலே ஏற விடாமல் தடுக்கப்பட்டுக் கீழே நிற்பது அடிமைத்தனம். ஏறும் உரிமை இருந்தும் நிற்பதே துறவு. அவ்வேறுபாட்டை நம்மைவிட நன்கு அறிந்தார் யார்?

அவ்வாறு கீழே நின்ற ஒருவரைத் தமிழகம் கண்டது. 1925இல் பிறந்து, தெ லா சால் சபையில் சேர்ந்த பிரிட்டன் நாட்டுச் சகோதரர் ஜேம்ஸ் கிம்ப்டன், 1952இல் இலங்கை சென்று சிறுவர்க்கெனப் பணியாற்றினார். 1964இல் அந்நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தபோது, தாய்நாடு திரும்பாது மதுரைச் சீமைக்கு வந்தார். 1974இல், இன்றைய தேனி மாவட்டத்து ஜி. கல்லுப்பட்டியில், யாரும் எட்டாத ஏழைகளை எட்டுவதற்கென்றே ஓர் அமைப்பை நிறுவினார். ஆதரவற்ற பிள்ளைகளைப் பெருங்கூடத்தில் அடைக்காமல், சிறு வீடுகளில் வளர்ப்புத் தாயின் அரவணைப்பில் வைத்தார். பள்ளிகளை எழுப்பினார், ஓலைக்குடிசையில் வாழ்ந்தவர்க்கு ஆயிரக்கணக்கில் வீடுகளும், குடிநீரற்ற ஊர்களுக்குக் கிணறுகளும் அமைத்தார். 2017ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள், தொண்ணூற்றிரண்டாம் வயதில் மறையும்வரை ‘பிரதர்’ என்பதே மக்கள் அவருக்கு இட்ட பெயர். அதைவிடப் பெரிய பட்டம் ஏதும் அவருக்குத் தேவைப்படவில்லை.

இன்று உலகெங்கும் சகோதரர் தொகை குறைந்துவிட்டது. தெ லா சால் சபையில் 1960களின் நடுவில் பதினாறாயிரம் அளவில் இருந்தோர், இன்று சில ஆயிரமாகச் சுருங்கியுள்ளனர். அவர்தம் பள்ளிகளில் கற்பிப்போர் பெரும்பாலும் இல்லற ஆசிரியர்களே. ஆக, அப்பணியின் சுமை துறவியர் தோளிலிருந்து நம் போன்றோர் தோளுக்கு மாறியுள்ளது எனலாம்.

ஆசிரியப் பணியை நிலையான சம்பளமும் ஓய்வூதியமும் தரும் உத்தியோகமாக நாம் கருதுவதில் தவறில்லை. பட்டினி கண்ட குடும்பங்களுக்கு அது வாழ்வு தந்தது. ஆயினும் நம்மில் முதலில் படித்தவன் நகரத்துக்குக் குடியேறி, தான் பிறந்த தெருவை மறந்தானானால், அத்தெருவின் அடுத்த பிள்ளைக்குக் கைகொடுப்பார் யார்? செல்வராய்ப் பிறந்த தெ லா சால் தமக்குக் கீழானவர் என்று எண்ணிய ஆசிரியரோடு அமர்ந்து உண்டார். நாமோ நம் சொந்தப் பிள்ளைகளோடு அமர அழைக்கப்படுகிறோம். இவ்வெள்ளிவிழா ஆண்டில், சங்கத்தால் படித்து உயர்ந்த ஒவ்வொருவரும் வாரத்தில் ஒரு மாலையேனும் தம் தெருவின் இரவுப் பாடசாலைக்கு அளிப்பதென உறுதி பூணுவோமாக. தறியடியிலும் செங்கற்சூளையிலும் ஒரு பிள்ளை மிஞ்சியிருக்கும்வரை நம் விழா நிறைவுற்றதாகாது.