பார்படோசும் பெருந்தொற்றுக் காலத் தேர்தலும்

மேற்கிந்தியத் தீவுகளுட் கிழக்கே தனித்துக் கிடப்பது பார்படோசு. நிலப்பரப்பாற் சிறிதாயினும் அரசியற் பழைமையால் அது பெரிது. அதன் சட்டசபை 1639ஆம் ஆண்டில் தோன்றியது. ஆயினும், அச்சபை நெடுங்காலம் தோட்ட முதலாளிகளின் மன்றமாகவே விளங்கிற்று. கரும்புத் தோட்டங்களில் உழைத்த ஆபிரிக்க அடிமைகளின் வழித்தோன்றல்கள், சொத்து வேறுபாடின்றி வாக்களித்த முதற் பொதுத்தேர்தல் 1951இலேயே நிகழ்ந்தது. இங்ஙனம் அரிதிற் பெற்ற வாக்குரிமையே 2022இல் வினாவுக்குள்ளாயிற்று.

2018ஆம் ஆண்டுத் தேர்தலில் மியா மொட்லி தலைமையிலான பார்படோசுத் தொழிற்கட்சி முப்பது ஆசனங்களையும் கைப்பற்றியது. 2021 நவம்பர் 30இல் நாடு முடியாட்சியை நீக்கிக் குடியரசாயிற்று. ஒரு திங்கள் நிறையுமுன், டிசம்பர் 27இல், பிரதம மந்திரி பொதுத்தேர்தலை அறிவித்தார். சபையின் ஆயுட்காலம் முடிய ஓராண்டுக்கு மேலிருந்தது. நாட்டை ஒன்றுபடுத்துவதே நோக்கமென்றார் அவர். நோய் பரவுங் காலத்தில் தேர்தல் ஏனென வினவினர் எதிர்க்கட்சியினர்.

அவ்வேளை கொரோனா நோயின் ஒமிக்குரோன் திரிபு பரவிக்கொண்டிருந்தது. நோய் கண்டு தனிமைப்படுத்தப்பட்ட ஐயாயிரத்துக்கு மேற்பட்டோர் வாக்குச்சாவடிக்குச் செல்லல் இயலாதாயிற்று. தேர்தலை நிறுத்தக் கோரிய வழக்கை, தனக்கு அதிகாரவரம்பில்லையெனக் கூறி நீதிமன்றம் ஏற்கவில்லை. 2020 செப்டெம்பரில் தேர்தல் நடாத்திய யமேக்காவோ நோயாளரும் கட்டுப்பாடுகளுடன் வாக்களிக்க வழிவகுத்திருந்தது. எனவே, இரு கடமைகளையும் இணைத்தல் இயலாததொன்றன்று.

2022 சனவரி 19இல் தேர்தல் நடந்தது. தொழிற்கட்சி மீண்டும் முப்பது ஆசனங்களையும் வென்றது. அது பெற்ற வாக்குகள் நூற்றுக்கு ஏறத்தாழ 69. ஏனையோர்க்களித்த வாக்குகள் சபையில் ஓராசனத்தையேனும் ஈட்டவில்லை. 2018இல் நூற்றுக்கு 60 பேர் வாக்களித்திருக்க, இம்முறை வாக்களித்தோர் ஏறத்தாழ 42 பேரே. 2024 பெப்ரவரியில் ஆளுங்கட்சி உறுப்பினரொருவர் பிரிந்து சென்ற பின்னரே சபையில் எதிர்க்கட்சித் தலைவர் ஒருவர் மீண்டும் அமர்ந்தார்.

அவ்வையாயிரம் வாக்குகள் முடிவை மாற்றியிரா எனல் கூடும். ஆயின், முடிவை மாற்றும் வாக்கிற்கே மதிப்புண்டெனின், பெரும்பான்மை பெற்ற நாளிலேயே வாக்குரிமை பொருளற்றதாகிவிடும். வாக்கின் மதிப்பு வெற்றி தோல்வியிலன்று, குடிமகன் எண்ணப்படுவதிலேயே உள்ளது. நோயினின்று மக்களைக் காத்தலும் அரசின் கடன். நோயுற்றோனையும் குடிமகனாக மதித்தலும் அதன் கடனே. ஒன்றைக் காட்டி மற்றதைக் கைவிடல் தகாதென்பதே இத்தேர்தல் வரலாறு புகட்டும் பாடம்.