கால்சட்டைக் கோயில்

மதுரை விளாங்குடியிலிருந்து பேசுறேன். 2011ல மாநகராட்சியோட சேர்ற வரைக்கும் இது தனிப் பேரூராட்சி. ஒரு ஊர் நகரமாகும்போது முதல்ல தொலையுறது பெரியவங்க சொல்ற கதைகள்தான். அப்படித் தொலைஞ்சுடக் கூடாத ஒரு கதை தெற்கே, திருநெல்வேலி மாவட்டத்துக் கடைக்கோடியில வடக்கன்குளத்துல இருக்கு.

திருவிதாங்கூர் அரண்மனையில வேலை பார்த்த நீலகண்ட பிள்ளை, 1745ல இந்த ஊர்லதான் ஞானஸ்நானம் வாங்கி தேவசகாயம் ஆனார். சாதி பார்க்காம எல்லாரும் சமம்னு பேசினவர். 1752ல ஆரல்வாய்மொழி பக்கத்துல காட்டாடிமலையில அவரைச் சுட்டுக் கொன்னாங்க.

அதே ஊர்ல 1872ல திருக்குடும்பக் கோயில் எழும்புச்சு. நடுவுல ஒரே பீடம். அதிலிருந்து கால்சட்டை மாதிரி ரெண்டு பக்கமா பிரியுற ரெண்டு நீளக் கூடங்கள். ஒரு பக்கம் வெள்ளாளர், மறுபக்கம் நாடார். ரெண்டு கூட்டத்துக்கும் சாமியார் தெரிவார். ஒருத்தர் முகம் இன்னொருத்தருக்குத் தெரியாது. நான் சாஃப்ட்வேர் எழுதுறவன். ஒரு டிசைனைப் பார்த்தாலே அதைக் கேட்டு வாங்கினவங்க மனசு புரிஞ்சிடும். இந்தக் கோயிலோட வரைபடமே ஊரோட மனசுதான்.

1910ல பங்குச் சாமியார் கௌசானெல் நடுத் தடுப்பை இடிச்சார். திரும்பக் கட்டித் தரணும்னு வெள்ளாளர் தரப்பு வழக்குப் போட்டுச்சு. சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் போயும் தோத்துப் போனாங்க. கோயிலுக்குள்ள சாதி பார்த்துத் தனி இடம் கேட்க உரிமை கிடையாதுன்னு ஆகிடுச்சு.

தடுப்பு போனதோட பிரச்சினை முடிஞ்சுடல. 2008ல விழுப்புரம் பக்கம் எறையூர்ல தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு வேணும்னு கேட்டாங்க. அது மோதலாகி, போலீஸ் துப்பாக்கிச்சூட்டுல ரெண்டு பேர் செத்தாங்க. தேவசகாயத்துக்கு 2022ல புனிதர் பட்டம் கொடுத்தப்போ, 'பிள்ளை'ங்கிற சாதிப் பெயரை வாடிகன் சேர்க்கல. அவர் விட்டுட்டு வந்த சாதி, அவர் பெயரை விட்டுப் போக 270 வருஷத்துக்கு மேல ஆகியிருக்கு.

ஊர் வரலாறுன்னா கோயில் எந்த வருஷம் கட்டினது, யார் கட்டினதுன்னு கேட்டுட்டு நிறுத்திடுறோம். கல்வெட்டுல அது மட்டும்தான் இருக்கும். அடுத்த தடவை ஊருக்குப் போனா உங்க ஆச்சிகிட்ட இன்னொண்ணும் கேளுங்க: "பூசையில நம்ம ஆளுங்க எந்தப் பக்கம் நின்னாங்க?" எந்த மதத்துக் கோயிலா இருந்தாலும் சரி, பதிலை ரெக்கார்ட் பண்ணி வைங்க.