நாய் கொடுக்க ஆயிரம் கேள்வி

லண்டனில் பிராணிகள் காப்பகத்திடம் நாய் கேட்டுப் போகிறவர்கள் படும் பாடு பெரிது. வீடு சொந்தமா, வாடகையா? தோட்டம் உண்டா, வேலி எத்தனை அடி? பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? பிள்ளைகளுக்கு என்ன வயது? முன்பு வளர்த்த பிராணிக்கு என்ன நடந்தது? பக்கம் பக்கமாகப் பதில் எழுதி அனுப்பிவிட்டுக் காத்திருந்தால், பலருக்கு வருவது இரண்டு வரி மறுப்பு. எனக்கும் அப்படித்தான் வந்தது. அநாதையாகக் கிடக்கும் ஒரு நாயை வீட்டுக்குக் கூட்டிவர ஏன் இவ்வளவு விசாரணை என்ற கோபத்தில்தான் இந்தக் கேள்விகளின் பூர்வீகத்தைத் தேடத் தொடங்கினேன். அது நூற்றறுபது வருடத்துக்கு மேற்பட்ட கதை.

1860இல் வடக்கு லண்டனின் ஹாலோவே பகுதியில், மேரி டீல்பி என்ற பெண்மணி வழிதவறிய, பட்டினி கிடக்கும் நாய்களுக்கென்று ஒரு தற்காலிக இல்லம் திறந்தார். கணவரைப் பிரிந்து வாழ்ந்தவர். அறுபதை நெருங்கும் வயது. அவருடைய தோழி சாரா மேஜர், கேனன்பரி சதுக்கத்தில் சாகக் கிடந்த ஒரு நாயைத் தூக்கிவந்து தன் வீட்டில் கிடத்திப் பராமரித்தார். அது பிழைக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு டீல்பி தெருநாய்களைத் தன் வீட்டுப் பின்கட்டில் சேர்க்கத் தொடங்கினார். இடம் போதாமல் ஹாலிங்ஸ்வொர்த் தெருவில் ஒரு குதிரை லாயத்துக்கு மாறினார்.

ஊர் சிரித்தது. மனிதர்களே பசியில் வாடும் நகரத்தில் நாய்க்கு வீடா, இவர்களுக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்கிற தொனியில் டைம்ஸ் பத்திரிகை எழுதியது. நிலைமையை மாற்ற உதவியது சார்ல்ஸ் டிக்கன்ஸ் நடத்திய வார இதழ். 1862 ஆகஸ்டில் அதில் ஒரு கட்டுரை வந்தது. இஸ்லிங்டனில் பெரிய மண்டபத்தில் உயர்சாதி நாய்க் கண்காட்சி. அங்கிருந்து நடந்து போகிற தூரத்தில் ஹாலோவே இல்லம். அழகுக்காகப் பரிசு வாங்கும் நாய்களையும், யாருக்கும் வேண்டாத நாய்களையும் அந்தக் கட்டுரை பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியது. டீல்பி 1865இல் காலமானார். இல்லம் நிலைத்தது.

நாயை உள்ளே எடுப்பது எளிதாக இருந்தது. வெளியே யாரிடம் கொடுப்பது என்பதுதான் கஷ்டம். அந்த நாளைய லண்டனில் நாய் திருடுவது ஒரு தொழில். வசதியான வீட்டு நாயைத் தூக்கிக்கொண்டு போய் மீட்புப் பணம் கேட்பார்கள். கவிஞர் எலிசபெத் பாரெட்டின் ஃப்ளஷ் என்ற ஸ்பானியல் மூன்று தடவை திருட்டுப் போனது. 1845இல் நாய்த் திருட்டுக்கென்று புதுச் சட்டம் வந்தும் தொழில் நிற்கவில்லை. மறு வருடம் ஃப்ளஷ் மறுபடி காணாமல் போனபோது, நோயாளியான பாரெட் தானே வண்டி பிடித்துத் திருடர் தலைவனின் வீட்டு வாசலுக்குப் போனார். இப்படிப்பட்ட ஊரில், ‘இது என்னுடைய நாய்’ என்றோ ‘எனக்கு ஒரு நாய் தாருங்கள்’ என்றோ வந்து நிற்பவரை எடுத்த எடுப்பில் நம்ப முடியாது. நீ யார், எங்கே இருக்கிறாய் என்று கேட்டே ஆக வேண்டிய நிலை.

1867இல் வந்த சட்டம் லண்டன் தெருவில் திரியும் நாயைப் பிடிக்கப் போலீசுக்கு அதிகாரம் கொடுத்தது. மூன்று நாள் வைத்திருக்கலாம். அதற்குள் உரிமையாளர் வராவிட்டால் விற்கலாம், அல்லது கொல்லலாம். போலீஸ் பிடித்த நாய்களை வாங்கி வைக்கும் பொறுப்பு பிறகு இந்த இல்லத்திடம் வந்தது. 1871இல் அது ஆற்றுக்குத் தெற்கே பேட்டர்சீக்கு, ரயில் பாதைகளுக்கு நடுவே ஒரு காணிக்குப் போனது. குரைப்புச் சத்தம் என்று முறையிட அங்கே அக்கம்பக்கம் குறைவு. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

அடைக்கலம் தர எழுந்த இல்லம் அந்தச் சட்டத்துக்குப் பிறகு கொல்லும் இடமாகவும் ஆனது. இதைச் சொல்லாமல் காப்பகங்களின் வரலாற்றை எழுதுவது நேர்மை அல்ல. விசர்நாய்க்கடிப் பயம் பரவிய வருடங்களில் வாய்ப்பூட்டு இல்லாத நாயை எல்லாம் போலீஸ் பிடித்துவந்து குவித்தது. முதலில் நஞ்சு கொடுத்தார்கள். 1884இல் பெஞ்சமின் வார்ட் ரிச்சர்ட்சன் என்ற மருத்துவர் ஒரு கூடம் அமைத்துக் கொடுத்தார்: நாய்களைக் கூண்டுவண்டியோடு உள்ளே தள்ளி, குளோரோஃபார்ம் கலந்த வாயுவால் மயக்கி, மயக்கத்திலேயே சாகவிடுவது. வலி இல்லாத சாவு என்று அன்றைக்கு அதைக் கருணையாகவே எண்ணினார்கள். 1902இல் பிரிட்டனை விட்டு விசர்நாய் நோய் ஒழிந்தது. இல்லத்தில் இருந்த நல்ல இன நாய்க்கு வாங்க ஆள் வந்தது. கலப்பு நாய்க்கு வரவில்லை. தெரிவு செய்யப்பட்டது எப்போதும் நாய்தான். இன்று நிலைமை தலைகீழ். தெரிவு செய்யப்படுகிறவர்கள் நாங்கள்.

வாங்க வருகிறவர் மேல் சந்தேகம் இறுகியதற்கு இன்னொரு காரணம் விஞ்ஞானம். மருத்துவக் கல்லூரிகளுக்கு உயிருடன் அறுத்துப் பார்க்க நாய்கள் தேவைப்பட்டன. மலிவாகக் கிடைக்கும் இடம் நாய் இல்லம் என்று யாருக்கும் தோன்றும். பேட்டர்சீ இல்லம் அதற்கு உறுதியாக மறுத்தது. 1903இல் யூனிவர்சிட்டி காலேஜில் ஒரு பழுப்பு நாயை மாணவர்கள் முன்னால் அறுத்ததைப் பார்த்த இரண்டு சுவீடன் நாட்டுப் பெண்கள் அதை எழுதி வெளியிட்டார்கள். 1906இல் அந்த நாய்க்குப் பேட்டர்சீயில் சிலை எழுந்தது. 1907இல் மருத்துவ மாணவர்கள் சிலையை எதிர்த்துத் தெருவில் இறங்க, தொழிலாளர் குடும்பங்கள் நிறைந்த அந்த வட்டாரம் அவர்களை எதிர்த்து நின்றது. 1910இல் விடியும் முன்னே போலீஸ் காவலோடு சிலையை அகற்றினார்கள். ஒரு நாய் யார் கையில் போய்ச் சேருகிறது என்பது உயிர்ப் பிரச்சினை என்று அந்த வட்டாரத்து ஏழைகளுக்கு அன்றே தெரிந்திருந்தது.

என் கதைக்கு வருகிறேன். டூட்டிங்கில் முதல் மாடி ஃபிளாட், வாடகை. நான் முதியோர் இல்லத்தில் இரவு வேலை. கணவர் ஓய்வு பெற்றவர், பகல் முழுக்க வீட்டில்தான். ஐந்து நிமிட நடையில் டூட்டிங் காமன், நாய் ஓடுவதற்கென்றே செய்தது போன்ற பெரிய புல்வெளி. லண்டனுக்கு வெளியே ஒரு காப்பகத்தின் இணையப் பக்கத்தில் எட்டு வயதுக் கலப்பு நாய் ஒன்றின் படம் போட்டிருந்தார்கள். மூஞ்சி நரைத்துப் போனது. ஒரு காது மடிந்து, மற்றது நிமிர்ந்து. பின்கால் ஒன்றில் பழைய முறிவு, படி ஏறும் என்று எழுதியிருந்தது. குட்டி கேட்கிற கூட்டத்தில் இதை யாரும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்தேன்.

படிவத்தில் ஒரு கேள்வி: ‘எப்போதாவது ஒரு பிராணியைக் கைவிட்டிருக்கிறீர்களா?’ ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். கீழே விளக்கம் எழுத ஒரு வரி இடம்.

1995 ஒக்டோபர் 30 அன்று, போருக்குப் பயந்து, யாழ்ப்பாணத்தின் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழும்பி நடந்தது. மழை. எங்கள் வீட்டு நாய் வீமன் செம்மணி வெளிவரை எங்களோடு வந்தான். நாவற்குழிப் பாலத்தை நோக்கி நெரிந்த சனத்துக்குள், சைக்கிள்களுக்கும் மாட்டுவண்டிகளுக்கும் நடுவில், அவன் தவறிப் போனான். திரும்பிப் பார்க்க நிற்க முடியாது. பின்னால் வரும் சனம் தள்ளும். அம்மா கூப்பிட்டுக்கொண்டே நடந்தா. கூப்பிட்டது யாருக்கும் கேட்டிருக்காது. ஐந்து இலட்சம் பேர் நடந்த இரவில் எத்தனை வீட்டு நாய்கள் அப்படிப் போயிருக்கும்.

‘ஆம்’ என்ற கட்டத்தில் குறியிட்டு, அந்த ஒரு வரியில் ‘போர் இடப்பெயர்வு, 1995’ என்று எழுதினேன். “இதையெல்லாம் ஏன் எழுதினனீர்?” என்று கணவர் கேட்டார். கேட்டதற்கு உண்மை எழுத வேண்டும் என்று எனக்குப் பட்டது. பதில் வந்தது: சொந்தத் தோட்டம் இல்லாதவர்களுக்கு நாய் தருவதில்லை. அந்த வரியை யாராவது வாசித்தார்களா என்று தெரியாது. தொலைபேசியில் கேட்கலாம் என்றால் எடுக்க ஆள் இல்லை. என்னை வருத்தியது மறுப்பு அல்ல. எங்கள் படியையும் எங்கள் புல்வெளியையும் பகலில் வீட்டிலிருக்கும் மனிதரையும் யாரும் வந்து பார்க்காமலே முடிவு செய்ததுதான்.

இந்த நாட்டுச் சனத்துக்கும் இப்படி ஒரு நினைவு இருக்கிறது என்பதைப் பிறகுதான் வாசித்தேன். 1939 செப்டெம்பரில், போர் அறிவித்த முதல் வாரத்திலேயே, லண்டனில் மட்டும் சுமார் 4,00,000 நாய் பூனைகளை அவற்றின் வீட்டுக்காரர்களே கொண்டுபோய்க் கொல்லக் கொடுத்தார்கள். அப்போது ஒரு குண்டுகூட விழுந்திருக்கவில்லை. உணவுத் தட்டுப்பாடு வரும், குண்டுச் சத்தத்தில் பிராணிகள் வெறிபிடிக்கும் என்ற பயம். வரலாற்றாசிரியர் ஹில்டா கீன் இதைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதியிருக்கிறார். அந்த மனிதர்கள் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் இப்படி ஒரு வாரத்தைக் கடந்து வந்த நாட்டில் ‘கைவிட்டிருக்கிறீர்களா’ என்ற கேள்விக்குக் கீழே ஒரு வரி இடம் போதாது.

காப்பகங்களின் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். நாய் வளர்க்க லைசென்ஸ் வேண்டும் என்ற முறை 1987இல் ஒழிந்தது. அதன் கட்டணம் வெறும் 37 பென்ஸ். 1878இல் வைத்த ஏழரை ஷில்லிங்கின் மாற்றுத் தொகை. யார் வீட்டில் எந்த நாய் என்பதற்கு அந்த அற்பக் கணக்கும் இல்லாமல் போனது. 1991இல் வந்த ஆபத்தான நாய்கள் சட்டம் பிட்புல் டெரியர் போன்ற இனங்களைத் தடை செய்தது. 2023 டிசம்பர் 31 முதல் எக்ஸ்எல் புல்லி இனத்தையும் விற்கவோ கைமாற்றவோ கூடாது. அப்படி ஒரு நாய் காப்பகத்துக்கு வந்தால், அது எவ்வளவு சாதுவாக இருந்தாலும் புது வீடு தேட வழி இல்லை, ஊசிதான். தினமும் கஞ்சி வைத்த கையால் அதைப் பிடித்துக்கொடுக்கும் ஊழியர்கள் இருக்கிறார்கள். கொரோனா முடக்கத்தில் ஆசையாக நாய் வாங்கிய குடும்பங்கள் பல, வேலைக்குத் திரும்பியதும் கொண்டுவந்து விட்டன. ஒருமுறை தவறான வீட்டுக்குப் போய்த் திரும்பும் நாய், அடுத்த முறை மனிதரை நம்ப நாளெடுக்கும். ஆகவே கேட்கட்டும். பகலில் யார் இருப்பார்கள் என்று கேட்பது சரி. குழந்தை உண்டா என்று கேட்பது சரி.

வேலி எத்தனை அடி என்ற கேள்வி வேறு வகை. லண்டனில் தோட்டமும் வேலியும் பணத்தின் கணக்கு. சொந்தத் தோட்டம் இல்லாதவருக்கு நாய் இல்லை என்ற விதி, வாடகைக்காரரையும் மாடிவீட்டுக்காரரையும் அகதியாக வந்தவரையும் முகம் பார்க்காமல் கழித்துவிடுகிறது. திருடரையும் அறுப்பவரையும் தடுக்க எழுந்த விசாரணை, இப்போது ஏழையைத் தடுக்கிறது. தோட்டத்தில் விட்டுக் கதவைச் சாத்தப்படும் நாயைவிட, கயிறு பிடித்து நாளுக்கு மூன்று தடவை நடத்தப்படும் நாய் நன்றாக இருக்கும் என்பதை அறிய எந்த ஆராய்ச்சியும் வேண்டாம்.

இங்கிலாந்தில் 2025இல் நிறைவேறிய வாடகைதாரர் உரிமைச் சட்டம், வாடகைக்கு இருப்பவர் பிராணி வளர்க்க அனுமதி கேட்டால் நியாயமான காரணம் இல்லாமல் வீட்டுக்காரர் மறுக்கக் கூடாது என்கிறது. பணம் வாங்கும் வீட்டுக்காரருக்கே அந்தக் கடமை என்றால், கருணையின் பேரில் நன்கொடை வாங்கும் காப்பகத்துக்கு அதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். மறுக்கும் முன் ஒருமுறை வீட்டுக்கு வந்து பாருங்கள். மறுத்தால் காரணத்தை அந்த மனிதருக்குச் சொல்லுங்கள்.

நாய் கேட்டு எழுதப்போகும் நம்மவர்களுக்கும் ஒன்று. படிவத்தின் கட்டங்களோடு நிறுத்தாதீர்கள். தனியாக ஒரு கடிதம் இணையுங்கள்: பகலில் யார் இருப்பார்கள், எங்கே நடத்துவீர்கள், நீங்கள் ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள், வீட்டுக்காரரின் அனுமதி. ஒரு காப்பகம் மறுத்தால் அடுத்ததற்கு எழுதுங்கள். விதி ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொன்று. குட்டிக்கு அடிபடாமல் வயதான நாயைக் கேளுங்கள். அவற்றை எடுக்க வருகிறவர்கள்தான் குறைவு.